பதினாலாம் திகதியுமோ?

நாள் குறித்தது நான்தான். டொரன்ரோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கலண்டரை விரித்து வைத்துக்கொண்டு குறித்தேன். இலங்கையில் இரண்டாந் தவணை முடிந்து பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்க வேண்டும். எனக்கு வேலையில் லீவு கிடைக்க வேண்டும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் எல்லாம் முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் கொடி ஏறினால் கிளிநொச்சியிலிருந்தும் சனம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். அந்த வருஷம், 2018இல், கொடியேற்றம் ஓகஸ்ற் 16. அப்படியென்றால் 10ஆம் திகதி தொடங்கி 14ஆம் திகதி முடிக்கலாம். கடைசி நாளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘பறக்கும் நாள்’ என்று எழுதினேன்.

வன்னியில் பெண் பிள்ளைகளை ஒரு கட்டடத்தில் இரவு தங்கவைத்து, விமானத்தைப் பற்றிப் படிப்பித்து, ஓகஸ்ற் 14ஆம் திகதி காலமை அவர்களை வெளியில் கூட்டிவந்து வானத்தைப் பார்க்கச் சொல்வது. இதுதான் என் திட்டம். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2006 ஓகஸ்ற் 14, காலை ஏழு மணியளவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், உடையார்கட்டுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையிலுள்ள வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்தின் மேல் இலங்கை விமானப்படையின் கிபிர் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே தங்கியிருந்தவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளிலிருந்து பயிற்சிக்கென்று வந்த மாணவிகள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றது யுனிசெப். இடத்தைப் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, படைத்தளத்துக்கான அடையாளம் எதையும் அங்கே காணவில்லை என்றது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொன்னால் அது பொய். 2006இல் டொரன்ரோவில் குளிர் இல்லாத ஓர் இரவில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. மெழுகு உருகிக் கையில் விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே திகதிக்கு வட்டம் போட்டபோது அந்தக் கை எதையும் உணரவில்லை. கொடியேற்றம் எப்போது என்று தேடிப் பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. துக்கத்தை நான் ஒரு கூட்டத்துக்குப் போய்வருகிற காரியமாக வைத்திருந்திருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

எனக்கு விமானத்தில் ஆசை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதில்தான் பிழையின் வேர் இருக்கிறது. 1987 ஜூன் 4, எனக்குப் பத்து வயது, யாழ்ப்பாணத்தில் இருந்தோம். முதல் நாள் இந்தியாவிலிருந்து உதவிப் பொருள் கொண்டுவந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் ஐந்து அன்ரனோவ் விமானங்கள், பக்கத்தில் மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, எங்கள் தலைக்கு மேலால் போயின. அவற்றிலிருந்து பரசூட்டில் மூட்டைகள் இறங்கின. அதுவரை ஹெலிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிற அம்மா, அன்றைக்கு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தா. விமானத்தைப் பார்த்து அம்மா சிரித்த ஒரே நாள் அது. அடுத்த வருஷம் இன்னொரு விமானம் எங்களைக் கனடாவில் கொண்டுபோய் இறக்கியது. சகடை என்று சனம் சொன்ன விமானம் பீப்பாய்க் குண்டு போட்ட காலம், கிபிர் வந்த காலம், எதிலும் நான் அங்கே இல்லை. என் கண்ணில் விமானம் என்றால் சாப்பாடு போட்டது, உயிர் தந்தது. அந்த ஒரு நாள் பின்னேரத்தை எல்லோருடைய பின்னேரமும் என்று நம்பிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன்.

கனடாவில் என் தொழில் விமானப் பராமரிப்பு. சிறகுக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிற வேலை. ஒன்ராறியோவில் பெண் பிள்ளைகளுக்கான கோடை விமான முகாம் ஒன்றில் ஆறு கோடையாகத் தொண்டு செய்துகொண்டிருந்தேன். பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள். நாங்கள் அவர்களோடு இரவிலும் தங்குகிற அக்காமார். காலையில் ஒரு செஸ்னா 172ஐச் சுற்றிவந்து சோதிக்கப் பழக்குவோம். சிறகின் அடியிலுள்ள வடிகாலில் சின்னக் கண்ணாடிக் குவளையை அழுத்தி எரிபொருளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நூற்றொக்ரேன் எரிபொருளுக்கு வெளிறிய நீல நிறம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக, நிறமில்லாமல், முத்துமாதிரி உருளும். அந்த முத்தை முதன்முதல் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே வருஷா வருஷம் போனேன்.

சுவரில் பெஸி கோல்மனின் படம் இருக்கும். கறுப்புப் பெண் என்று அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்க்காததால் பிரெஞ்சு படித்து, பிரான்சுக்குப் போய், 1921இல் விமானி உரிமம் எடுத்தவ. கிளிநொச்சிக்கு நான் கொண்டுபோன பெட்டிக்குள்ளும் அந்தப் படம் இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே கணவரோடு சேர்ந்து இலண்டனிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டிவந்த சென்னைப் பெண் உஷா சுந்தரத்தின் படமும் இருந்தது. இருபத்துநாலு நுளம்பு வலை, இருபத்துநாலு பாய் அங்கேயே வாங்கினேன். இரவில் தங்குவதுதான் முகாமின் உயிர் என்று ஒன்ராறியோவில் படித்திருந்தேன். வீட்டை விட்டு நாலு இரவு தனியே படுத்தால்தான் பிள்ளைக்குத் துணிச்சல் வரும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பினா. நாற்பது வயது இருக்கும், வெளிறிப்போன பச்சைச் சேலை. “இரவிலையும் தங்கோணுமோ ரீச்சர்?” என்று கேட்டா. ஓம் என்றேன். “எத்தினையாம் திகதி மட்டும்?” பதினாலு என்றேன். “பதினாலாம் திகதியுமோ?”

“அண்டைக்குத்தான் முக்கியம் அம்மா. அண்டைக்குத்தான் பிள்ளையள் தாங்கள் செய்த பிளேனைப் பறக்கவிடப்போகினம்.”

அவ பக்கத்திலிருந்த தாயைப் பார்த்தா. அந்தத் தாய் நிலத்தைப் பார்த்தா. மண்டபத்தில் மேல் விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்து நிற்கிறவளுக்கு, நல்லது செய்யத்தானே வந்திருக்கிறாள் என்ற மரியாதைக்கு, சொல்லவில்லை. அவளுக்கே தெரியாமல் இருக்குமோ என்று நம்ப முடியாமலும் இருந்திருக்கும்.

அன்றிரவு கனடாவிலிருந்த சிநேகிதிகளுக்கு எழுதினேன். “இங்கே பிள்ளைகளை அல்ல, முதலில் தாய்மாரைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.” அந்த வசனம் இன்னும் என் போனில் கிடக்கிறது. அழிக்கவில்லை. அழித்தால் நான் அப்படி நினைக்கவே இல்லை என்று ஒருநாள் எனக்கே சொல்லிக்கொள்வேன் என்று பயம்.

பதின்மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு. ஒருவரும் இரவு தங்கவில்லை. பின்னேரம் நாலரைக்குத் தாய்மார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பாய்கள் கட்டுப் பிரிக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றன. நான் கோபமாக இருந்தேன். வெளியில் காட்டவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

பச்சைச் சேலைத் தாயின் மகள்தான் அந்தப் பதின்மூன்று பேரிலும் கைவேலைக்காரி. றெஜிபோம் தட்டை வெட்டுகிற பிளேட்டைச் சரிவாகப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூக்குப் பாரம் குறைந்தால் விமானம் மேலெழும்பித் தடுமாறிப் பின்பக்கம் விழும் என்று நான் சொல்ல முன்னமே, ஒரு பேப்பர் கிளிப்பை மூக்கில் செருகி, எறிந்து பார்த்து, அரை விரற்கடை பின்னுக்குத் தள்ளி, திரும்ப எறிந்தாள். “பட்டத்துக்கு முச்சை கட்டுறமாதிரித்தானே அக்கா” என்றாள். முச்சையின் இடம் ஒரு நூலிழை பிசகினாலும் பட்டம் குத்திக்கொண்டு வரும் என்று தமையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எனக்கு அவளைக் கனடாவுக்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும்போல இருந்தது.

இரண்டாம் நாள் அவள் கேட்டாள்: “அக்கா, குண்டு போடுற பைலற்மாரும் இதே பாடம்தான் படிச்சவையோ?”

ஓம் என்பதுதான் பதில். சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று சிறகை மேலே தள்ளுகிறது, அதற்கு அடியில் தொங்குவது மூட்டையா குண்டா என்று காற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நாளில் நான் சொன்ன மிக நேர்மையான பாடமாக இருந்திருக்கும். நான் சொன்னது: “அதுகளைப் பற்றி இஞ்ச நாங்கள் கதைக்கிறேல்லை.” அவள் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததுதான் நான் இதை எழுதக் காரணம்.

அந்தத் தாய் மகளை விட்டுவிட்டுப் போகமாட்டா. காலையிலிருந்து பின்னேரம் வரை மண்டபத்துக்கு வெளியே வேம்பின் கீழ் இருந்து பனையோலைப் பெட்டி இழைப்பா. அன்றைக்குப் பத்தரைபோல, நான் உள்ளே படம் காட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழும்பி வெளியே ஓடினார்கள். நானும் போனேன். எல்லோரும் சத்தம் வந்த திசையில் தேடினார்கள், நான் உட்பட. அவ ஓலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னா: “காத்தாடி வைச்சது. ரெண்டு எஞ்சின். அங்கால பாருங்கோ, புளியமரத்துக்கு மேலை.” அங்கேதான் இருந்தது. சத்தம் வந்த இடத்திலிருந்து வெகுதூரம் முன்னுக்கு.

பிள்ளைகள் அவவைச் சுற்றிக் குந்தினார்கள். அவ ஓலையை மடியில் வைத்துவிட்டு, வலக்கையை விரித்து விமானமாக்கினா. “கிபிர் எண்டால் சத்தம் வந்த பக்கம் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது. சத்தம் பிந்தித்தான் வரும். அதுக்கு முன்னுக்குப் பாக்கோணும். ஒருக்காச் சுத்திப்போட்டு மேலை எழும்பும்.” கை மேலே போய்த் திரும்பி விரல்நுனி கீழே சரிந்தது. “இப்பிடி மூக்கைப் போட்டுதெண்டால் சத்தம் மாறும். மாறினால் உடனை விழுந்து படுக்கோணும், பங்கருக்கு ஓட நேரமில்லை. மாறாட்டி அது உங்களுக்கில்லை.” மிக்குக்கு வேறு சத்தம், வேவு பார்க்க வருகிற வண்டுக்கு வேறு சத்தம் என்று தொண்டையால் செய்து காட்டினா. வண்டு விடியவிடியச் சுற்றினால் அடுத்தநாள் கிபிர் வரும் என்றா. ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தாள். இன்னொருத்தி, அவளுக்கு 2009இல் ஐந்தோ ஆறோ வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தானும் செய்தாள். அச்சொட்டாக இருந்தது.

நான் என்ன செய்தேன்? கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடு சொன்னேன்: “அம்மா, பிள்ளையளைப் பயப்படுத்தாதேங்கோ. பழசை விடுங்கோ. இவை புதுசாப் படிக்கட்டும்.”

பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். பிள்ளைகள் பயப்படவில்லை. அவர்கள் வீட்டில் அரைகுறையாகக் கேட்டிருந்ததை ஒரு பெரியவர் முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தா. என்னைச் சுட்டது வேறொன்று. என் படங்களுக்கும் பாடங்களுக்கும் மூன்று நாளில் கிடைக்காத கவனம் அந்த மரத்தடியில் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. இருபது வருஷம் விமானத்தோடு வேலை செய்கிற நான் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ விமானத்தைக் கண்டா. அது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைக்கு அக்கறை என்று பெயர் வைத்து ஒரு தாயின் வாயை அடைத்தேன்.

“சரி தங்கச்சி” என்றா அவ. ரீச்சர் என்று கூப்பிட்டவ அப்போதுதான் தங்கச்சி என்றா. ஓலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய் இருந்தா. அங்கே வெயில்.

14ஆம் திகதி காலை ஆறரைக்கே நான் தயாராகிவிட்டேன். பதின்மூன்று வெள்ளை விமானங்களை மேசையில் வரிசையாக வைத்தேன். ஏழு மணியானது. எட்டானது. ஒருவரும் வரவில்லை. எட்டரைக்கு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா கூட்டுமாறோடு வந்தார். “இண்டைக்கு ஒருத்தரும் வராயினம் பிள்ளை” என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். “வள்ளிபுனத்தில இண்டைக்கு விளக்கெல்லோ.”

கதிரையில் இருந்தேன். மேசையில் பதின்மூன்று விமானங்களும் ஒரே பக்கம் மூக்கை வைத்திருந்தன. அந்தப் பச்சைச் சேலை அம்மா அந்தக் காலத்தில் எங்கே இருந்தவ என்று கேட்டேன். உடையார்கட்டுப் பக்கம் என்றார் ஐயா. 2006இலும் அங்கேதான். 2009 தையில் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து, பிறகு செல் விழுந்துகொண்டேயிருந்த இடமும் அதுதானே. அவ யாரைப் பறிகொடுத்தவ என்று ஐயா சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐந்து நாள் என் கண்ணுக்கு முன்னால் இருந்த மனுசியிடம் நான் கேட்காத கேள்வி அது.

அன்றைக்கே ஒரு ஓட்டோ பிடித்து வள்ளிபுனத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று மண்டபத்துக்குள்ளேயே இருந்தேன். அது வெட்கம்தான், ஆனால் அந்த வெட்கத்திலும் நான் என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “நேற்று விடமுடியாததை இண்டைக்கு விடுவம்” என்று மட்டும் சொல்லி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். கைவேலைக்காரியின் விமானம் எல்லாவற்றிலும் தூரம் போனது. தாய் படலையடியில் நின்று பார்த்தா. கைதட்டினா. நேரே போய், “அம்மா, நான் பெரிய பிழை விட்டிட்டன்” என்று சொல்ல ஐம்பது அடி நடந்தால் போதும். அந்த ஐம்பது அடியை நான் நடக்கவில்லை.

காசு சேர்த்துத் தந்தவர்களுக்கு அறிக்கை எழுதவேண்டியிருந்தது. ‘உள்ளூர் நிகழ்வு ஒன்றின் காரணமாக நிறைவு நாள் ஒருநாள் பிற்போடப்பட்டது’ என்று எழுதினேன். உள்ளூர் நிகழ்வு. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் சாவுக்கு நான் வைத்த பெயர் அது. அந்த அறிக்கையை வாசித்த எவரும் என்ன நிகழ்வு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கத் தொடங்கியது. சிநேகிதிகள் எல்லோரும் படம் அனுப்பினார்கள். “இனி உன் முகாமை அங்கே வைக்கலாம், பிள்ளைகளை உண்மையான விமானத்துக்குக் கிட்டக் கூட்டிப்போகலாம்” என்று ஒருத்தி எழுதினாள். நான் பதில் போடவில்லை. அவர்களுக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

ஒன்ராறியோ முகாமுக்கு இப்போதும் போகிறேன். அங்கே ஒரு பாடம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, விமானம் எங்கே என்று கையால் காட்டச் சொல்வேன். எல்லோரும் சத்தம் வந்த பக்கம் காட்டுவார்கள். பிறகு கணக்குப் போடுவோம். விமானம் மூன்று கிலோமீற்றர் உயரத்தில் நேர்மேலே போகிறது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் ஓடும். கீழே வந்துசேர ஒன்பது செக்கன். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிற விமானம் அந்த ஒன்பது செக்கனில் இரண்டு கிலோமீற்றர் போயிருக்கும். ஆகவே சத்தத்தைப் பார்க்காதேங்கோ, அதற்கு முன்னுக்குப் பாருங்கோ என்பேன். பிள்ளைகள் முன்னுக்குப் பார்ப்பார்கள், கண்டுபிடிப்பார்கள், துள்ளுவார்கள். முகாமில் எல்லோருக்கும் பிடித்த பாடம் அதுதான் என்று மற்ற அக்காமார் சொல்கிறார்கள்.

போன கோடையில் ஒரு பிள்ளை கேட்டாள், இதை உங்களுக்கு யார் சொல்லித்தந்தது என்று.

ஒரு அம்மா என்றேன்.

அவவும் பைலற்றோ என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் அவவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. நான் எல்லோரையும் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனேன்.